நால்வரைக் கூட்டினால் வரும் குறுந்தொகை

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். காட்பாடியில் உங்கள் மகள் படிக்கும் பள்ளியில் வேதியியல் ஆசிரியரும் தமிழாசிரியையும் சேர்ந்து ஒரு குறுக்கெழுத்துப் போட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்பதுக்கு ஒன்பது கட்டம். எல்லாக் குறிப்புகளுக்கும் நீங்கள் இருவரும் விடை கண்டுவிட்டீர்கள். ஒரே ஒரு மூன்றெழுத்துச் சொல்லுக்கு மட்டும் குறிப்பே கொடுக்கவில்லை. முதல் எழுத்து ஆ, கடைசி எழுத்து ரை. நடு எழுத்தைக் குறுக்கே வெட்டும் சொல் எதுவும் இல்லை. கட்டத்துக்கு அடியில் இப்படி ஒரு வரி: "நால்வரைக் கூட்டினால் வருவது குறுந் தொகையே. குறிப்பில்லாதது அங்கே பூத்திருக்கும்."

நால்வர் என்றதும் நீங்கள் சைவ நால்வரை நினைத்து, அவர்கள் வாழ்ந்த ஆண்டுகளைக் கூட்டி 147 என்று எடுத்து, 147-ஆம் குறளைப் பார்த்தீர்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அப்புறம் "பூத்திருக்கும்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆவாரை என்று எழுதிக் கொடுத்தீர்கள். "கிட்டே வந்துவிட்டீர்கள், இன்னும் சரியாகவில்லை" என்று பதில் வந்திருக்கிறது. ஆவாரை ஏன் தவறு, சரியான வழி எது என்பது உங்கள் கேள்வி.

விடை ஆவிரை. ஆவாரையும் ஆவிரையும் ஒரே செடிதான். ஆனாலும் இந்தக் கட்டத்தில் நடுவே வி மட்டும்தான் வர முடியும். ஏன் என்று சொல்ல, நீங்கள் அனுப்பிய குறிப்புகளிலிருந்தே தொடங்குகிறேன். நான் ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் பதனிடும் ஷாப்பு லேபில் பல வருடம் வேலை பார்த்தவன். குறுக்கெழுத்தில் பைத்தியம் உண்டு. இந்தக் கட்டத்தைப் பார்த்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறார்கள்.

கட்டம் முழுவதிலும் வேதியியலைச் சொல்லிக் கேட்கும் குறிப்பு ஒன்றே ஒன்றுதான். "வள்ளியை மணந்தவன் மனம் நீலச் சுடரோடு எரியும் (5)." வள்ளியை மணந்தவன் கந்தன், மனம் அகம். கந்த, அகம் இரண்டும் சேர்ந்தால் கந்தகம். கந்தகம் நீல நிறச் சுடரோடுதான் எரியும். வள்ளிமலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்ட குறிப்பு என்பது உள்ளூர்க்காரர்களுக்குப் புரியும். இப்படிச் சொல்லைப் பிரித்து, பொருளையும் கூடவே தரும் குறிப்பில், விடை வந்ததும் இரண்டு பக்கமும் சரியாகப் பொருந்த வேண்டும். இங்கே பொருந்துகிறது.

நீங்கள் கந்தகம் என்று எழுதிவிட்டு அடுத்த குறிப்புக்குப் போய்விட்டீர்கள். அங்கே கொஞ்சம் நின்றிருக்க வேண்டும். கந்தகம் ஒரு தனிமம். அதை வெட்டிக்கொண்டு போகும் சொற்களைப் பாருங்கள். அதன் முதல் எழுத்தான க-வின் மேல் நாவும் கீழே ம்-மும் நிற்கின்றன: நாகம். குறிப்பு, "புற்றுக்குப் பால் ஊற்றுவது இதற்காக (3)." கந்தகத்தின் கடைசி எழுத்தான ம்-மில் மேலிருந்து வந்து முடிவது ரசம். குறிப்பு, "மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு இறக்குவது (3)." கட்டத்தின் மறு கோடியில் வெள்ளி, குறிப்பு, "சுக்கிரனுக்குத் தமிழ்ப் பெயர் (3)." பாம்பு, சாப்பாடு, வானத்தில் ஒரு கோள். மூன்று குறிப்புகளும் மூன்று திசையில் இழுத்துக்கொண்டு போகின்றன. விடைகளை மட்டும் தனியே எடுத்து ஒரு சித்த மருந்துக் கடைக்காரரிடம் படித்துக் காட்டுங்கள்: கந்தகம், நாகம், ரசம், வெள்ளி. அவர் பாம்பையும் சாப்பாட்டையும் நினைக்கவே மாட்டார். நாகம் துத்தநாகம், ரசம் பாதரசம், வெள்ளி வெள்ளிதான். அந்த நால்வர் இவர்கள்.

சைவ நால்வரின் ஆண்டுக் கணக்கை நீங்கள் எடுத்தது தப்பான யோசனை என்று சொல்ல மாட்டேன். அப்பருக்கு 81, மாணிக்கவாசகருக்கு 32, சுந்தரருக்கு 18, சம்பந்தருக்கு 16 என்று ஒரு பழைய வெண்பாவே இருக்கிறது. நால்வர், கூட்டல் என்ற இரண்டு சொல்லையும் ஒன்றாகப் பார்த்த யாருக்கும் அது ஞாபகம் வரும். புதிர் போட்டவர்களும் அதைத் தெரிந்தே வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தப் பாதையில் கட்டத்துக்குள் இருக்கும் எந்த விடையும் பயன்படவில்லை. கட்டத்தை நிரப்பாமலே அந்த 147-ஐ எடுத்துவிடலாம். ஒளிந்திருக்கும் பொருளுக்குப் போகும் வழி நிரப்பிய கட்டத்தின் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு யோசனை சரியா என்று சந்தேகம் வந்தால் நான் முதலில் வைக்கும் சோதனை இது.

சரி, நால்வர் கிடைத்துவிட்டார்கள். கூட்டுவது எதை? எழுத்துகளையா, எடையையா? ஆங்கிலக் குறுக்கெழுத்தில் தனிமங்களை ஒளிக்க வழக்கமான வழி அவற்றின் குறியீடு. தங்கம் ஏ, யூ என்ற இரண்டு எழுத்தாக ஒரு சொல்லுக்குள் புகுந்துவிடும், இரும்பு எஃப், ஈ என்று புகும். தமிழ்க் கட்டத்தில் ஒரு பெட்டிக்குள் உட்காருவது கூ, ந், லி போன்ற முழு எழுத்து. லத்தீன் பெயரிலிருந்து வந்த குறியீட்டுக்கு அங்கே இடமே இல்லை. மொழி மாறினாலும் மாறாமல் கூட வருவது எண். ஒவ்வொரு தனிமத்துக்கும் ஓர் அணு எண் உண்டு. அணுவின் கருவில் எத்தனை புரோட்டான் என்பதுதான் அது. பாதரசம் 80, வெள்ளி 47, துத்தநாகம் 30, கந்தகம் 16.

80-உம் 47-உம் 127. அதோடு 30 சேர்ந்தால் 157. அதோடு 16 சேர்ந்தால் 173.

அணு எண்ணை எடுத்தது இன்னொரு விதத்திலும் அழகு. தனிமங்களை முன்பு அணு எடையை வைத்து வரிசைப்படுத்தினார்கள். மெண்டலீவ் 1869-ல் போட்ட அட்டவணை அப்படித்தான். அதில் சில இடங்களில் முரண்டு பிடிக்கும். டெல்லூரியத்தின் எடை அயோடினைவிட அதிகம், ஆனால் குணத்தைப் பார்த்தால் டெல்லூரியம்தான் முன்னால் வர வேண்டும். இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் ஹென்றி மோஸ்லி. ஒவ்வொரு தனிமமும் வெளிவிடும் எக்ஸ் கதிரை அளந்து, ஒரு தனிமத்திலிருந்து அடுத்ததற்கு ஒரே சீராக ஒரு படி ஏறுகிறது என்று காட்டினார். அதிலிருந்து வரிசையைத் தீர்மானிப்பது எடை இல்லை, எண்தான் என்று ஆயிற்று. அது 1913. அதே 1913-ஆம் வருடம் டிசம்பர் 21-ஆம் தேதிதான் ஆர்தர் வின் என்பவர் 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகையில் முதல் குறுக்கெழுத்துப் புதிரை வெளியிட்டார். அணு எண்ணும் குறுக்கெழுத்தும் ஒரே வருடத்துப் பிள்ளைகள். மோஸ்லி 1915-ல் கல்லிபோலிப் போரில் 27 வயதிலேயே குண்டடிபட்டு இறந்துபோனார். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும்.

நாகத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், உங்கள் மகள் இங்கே தடுமாறக்கூடும். ஆயுர்வேத நூல்களில் நாகம் என்றால் காரீயம். சித்த மருத்துவத்தில் நாகம் என்றால் துத்தநாகம். நாக பற்பம் என்று சித்த வைத்தியர் கொடுப்பது துத்தநாகத்தைப் புடம் போட்டு எடுத்தது. காரீயத்தின் அணு எண் 82. அதை எடுத்தால் கூட்டுத்தொகை 225 ஆகிவிடும், வேறு இடத்தில் போய் நிற்பீர்கள். புதிர் போட்டவர்கள் இதை யோசிக்காமல் விடவில்லை. நாகத்துக்கு நேர் கீழே இருக்கும் விடை என்ன? "பதினெண்மர் என்றால் இவர்கள் (4)" என்ற குறிப்புக்கு நீங்கள் எழுதிய சித்தர். எந்த மரபின்படி பெயரைப் படிக்க வேண்டும் என்று கட்டமே பக்கத்தில் நின்று சொல்கிறது.

இப்போது 173-ஐ எங்கே கொண்டுபோவது? அட்டவணையில் தேடிப் பயன் இல்லை, அங்கே 118-க்கு மேல் தனிமம் கிடையாது. வேதியியல் ஆசிரியரின் பங்கு இந்த இடத்தோடு முடிகிறது. அடியில் இருக்கும் வரியைத் திரும்பப் படியுங்கள். "வருவது குறுந் தொகையே." நடுவில் ஓர் இடைவெளி விட்டு அச்சிட்டிருக்கிறார்கள். அதனால் நீங்கள் அதைச் சின்னக் கூட்டுத்தொகை என்று படித்துவிட்டீர்கள். இடைவெளியை எடுத்துவிட்டால் குறுந்தொகை. எட்டுத்தொகையில் ஒன்று. நான்கு முதல் எட்டு அடி வரை வரும் குறும்பாடல்களின் தொகுப்பு என்பதால் அந்தப் பெயர்.

இந்தப் புதிரில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஒரு சொல்தான். தொகை என்றால் கூட்டி வருவது; கணக்கில் எண்களைக் கூட்டினாலும் தொகை, புலவர்கள் பாட்டுகளைக் கூட்டினாலும் தொகை. தமிழ் இந்த இரண்டையும் ஒரே சொல்லில் நெடுங்காலமாக வைத்துக்கொண்டிருக்கிறது. கணக்கு நோட்டிலும் இலக்கிய நூலிலும் நாம் தினமும் அதைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போகிறோம். ஆசிரியர்கள் இருவரும் அதை எடுத்து இரண்டு பாடத்துக்கும் நடுவில் பாலமாகப் போட்டுவிட்டார்கள். வேறு மொழியில் இந்தப் புதிரை அப்படியே செய்ய முடியாது.

சிலர் 173 என்றதும் குறளுக்குப் போவார்கள். 173-ஆம் குறள் வெஃகாமை அதிகாரத்தில் "சிற்றின்பம் வெஃகி" என்று தொடங்குவது. அங்கே பூ இல்லை. புறநானூற்றின் 173 "யான் வாழும் நாளும் பண்ணன் வாழிய" என்ற புகழ்பெற்ற பாட்டு. அங்கே பழுத்த மரமும் பறவைச் சத்தமும் உண்டு, பூ இல்லை. காரீயத்தை எடுத்துக்கொண்டு குறுந்தொகை 225-க்குப் போனால் கபிலர் பாட்டு ஒன்று கிடைக்கும். தினை உண்டு, மயில் உண்டு, அங்கேயும் பூ இல்லை. குறுந்தொகை 173-ஐத் திறந்தால் முதல் இரண்டு அடி இது:

பொன்நேர் ஆவிரைப் புதுமலர் மிடைந்த
பன்னூல் மாலைப் பனைபடு கலிமா

மதுரைக் காஞ்சிப் புலவன் பாடியது. குறிஞ்சித் திணை. தலைவன் தோழியிடம் பேசுகிறான். பொன்னைப் போன்ற ஆவிரையின் புதுப் பூக்களை நெருக்கமாகக் கட்டிய மாலையைப் பனை மட்டைக் குதிரைக்குப் போட்டு, மணி ஒலிக்க அதன் மேல் ஏறி, நாணத்தை விட்டு, என் நோய்க்குக் காரணம் இவள்தான் என்று ஊர் நடுவில் நின்று சொன்னால் இந்த ஊர் அவளைத்தான் பழிக்கும். அது தெரிந்ததால் இங்கிருந்து போகப் பார்க்கிறேன் என்கிறான். மடலேறுதல் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். மடலேறுகிறவனின் பூ ஆவிரை.

பாட்டின் முதல் சொல்லைக் கவனியுங்கள். பொன். நான்கு தனிமங்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்த இடத்தில் வாசலிலேயே ஐந்தாவதாக ஒரு தனிமம் நிற்கிறது, அணு எண் 79. வேதியியலிலிருந்து இலக்கியத்துக்குப் போனவரை இலக்கியம் திரும்பவும் வேதியியலைக் காட்டி வரவேற்கிறது. "பூத்திருக்கும்" என்று அடிவரி சொன்னது "புதுமலர்" என்று பாட்டிலேயே இருக்கிறது. சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று இதற்கு மேல் யாரும் சொல்லத் தேவையில்லை.

இனி நடு எழுத்து. நீங்கள் எழுதிய ஆவாரை வாழ்கிற சொல். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று ஊரெல்லாம் சொல்கிறோம். அதனால்தான் "கிட்டே வந்துவிட்டீர்கள்" என்றார்கள். சங்கப் பாட்டில் இருக்கும் வடிவம் ஆவிரை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் பூக்களை அடுக்கிக்கொண்டே போகும் இடத்திலும் "விரிமலர் ஆவிரை" என்றுதான் வருகிறது. நடு எழுத்தை வேறு சொல் வெட்டாதபடி கட்டம் போட்டதும் இதற்காகத்தான். பொதுவாக அப்படி ஓர் எழுத்தை அந்தரத்தில் விட்டால், அதுவும் குறிப்பே இல்லாத சொல்லில் விட்டால், நான் குறை சொல்வேன். இங்கே சொல்ல மாட்டேன். வா-வா வி-யா என்ற ஒரே கேள்வியை மிச்சம் வைத்து, அதற்குப் பாட்டைத் தவிர வேறு எங்கேயும் பதில் கிடைக்காதபடி செய்திருக்கிறார்கள். பேச்சுவழக்கை வைத்து ஊகித்தவர் வாசலில் நிற்பார், பாட்டைப் படித்தவர் உள்ளே போவார்.

இவ்வளவு தொலைவு வந்தபின் நான் கேட்டுக்கொண்டது, எத்தனையோ பூ இருக்க இவர்கள் ஏன் ஆவிரையை எடுத்தார்கள் என்று. பதில் என் தொழிலிலேயே இருந்தது.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி வளர்ந்த தோல் தொழில் முதலில் நின்றது ஆவாரம் பட்டையின் மேல். வறண்ட மேட்டிலும் ரோட்டோரத்திலும் தானாக முளைக்கும் செடி, ஆடுகூட அதிகம் வாய் வைக்காது. அதன் பட்டையில் தானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய உண்டு. கடுக்காயைக் கடித்தால் வாய்க்குள் ஒரு இழுப்பு வருமே, அதே துவர்ப்பு. அந்த இழுப்பு எதனால் வருகிறது தெரியுமா? எச்சிலில் இருக்கும் புரதத்தைத் தானின் பிடித்துக்கொள்கிறது. தோலுக்குள்ளும் நடப்பது அதுதான். தோல் முழுக்கக் கொலாஜன் என்ற புரத நார், மூன்று புரிக் கயிறு மாதிரி முறுக்கியது. பச்சைத் தோலில் அந்த நார்களுக்கு நடுவே தண்ணீர் இருக்கும். விட்டால் அழுகும், காய வைத்தால் பலகை மாதிரி விறைக்கும். சுண்ணாம்புத் தொட்டியில் ஊற வைத்து முடியை எடுத்து, சதையை வழித்து, பட்டைச் சாற்றில் போட்டால் தானின் நாருக்கும் நாருக்கும் நடுவே போய் உட்கார்ந்து இரண்டையும் கட்டிவிடும். தண்ணீர் இருந்த இடத்தைத் தானின் எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அது அழுகாது, மடித்தால் மடியும். செருப்பாகவும் பையாகவும் ஆகும்.

ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்து போகும். அதைத் தடுக்கக் கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் ஒரு முறை போட்டு எடுப்பார்கள், நிறமும் வெளுப்பாக வரும். இப்படிப் பதனிட்ட தோல் கப்பலில் இங்கிலாந்துக்குப் போனது. பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது, அதற்கப்புறம் குரோம். பட்டையில் வாரக்கணக்கில் ஆகும் வேலை குரோமியம் சல்பேட் போட்ட டிரம்மில் ஒரு நாளில் முடிந்துவிடும். அந்தத் தோல் கொதிக்கிற தண்ணீரையே தாங்கும். பட்டைத் தோல் அதற்கு வெகு முன்பே, 80 டிகிரிக்கு அக்கம்பக்கத்தில், சுருங்கிவிடும். குரோமியம் 1797-ல் வோக்லான் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கண்டுபிடித்தது. நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வந்தது. எங்கள் லேபில் குரோமில் பதனிட்டு ஈரம் காயாத நீலத் தோலை மேசையில் விரிக்கும்போதெல்லாம் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று நினைப்பேன். அதே நிறம் கழிவு நீரில் என்ன செய்தது என்பதும் இந்த ஊருக்குத் தெரியும். பாலாற்றங்கரைத் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் சொன்ன தீர்ப்பைச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது பட்டைத் தொட்டிகள் பெரும்பாலும் போய்விட்டிருந்தன. வயதான மேஸ்திரி ஒருவர் இருந்தார். தொட்டியில் கையை விட்டு, விரலை நாக்கில் வைத்து, சாறு எந்த அளவு இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். நான் கண்ணாடிக் குழாயில் அளந்து அதே இடத்துக்கு வர அரை மணி நேரம் ஆகும். அவர் ஆவாரை என்றுதான் சொல்வார். மடலேறும் தலைவன் போட்ட மாலைப் பூவும் அவர் நாக்கில் வைத்த துவர்ப்பும் ஒரே செடி என்பது எனக்கே பல வருடம் கழித்துத்தான் உறைத்தது. உங்கள் மகள் பள்ளியில் பதினைந்து வயதிலேயே அதைக் காட்டுகிறார்கள்.

கட்டத்தில் இருக்கும் மற்ற சில விடைகளையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். "1981-ல் சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக்குத் திரும்பியது (4)." நீங்கள் லிங்கம் என்று சரியாக எழுதியிருக்கிறீர்கள். நீரில்லா ஆறு, மரமில்லா மலை, ராஜா இல்லாக் கோட்டை, சாமி இல்லாக் கோயில் என்று வேலூரைச் சொல்வார்களே, அந்தச் சாமி இல்லாக் கோயில் ஜலகண்டேஸ்வரர் கோயில். 1981-க்குப் பிறகு அந்தப் பேச்சு பழங்கதை ஆயிற்று. இந்த விடைக்கு இன்னொரு வேலையும் உண்டு. பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சிவப்புக் கல்லுக்குச் சித்த மருத்துவத்தில் லிங்கம் என்று பெயர். பாதரசத்தைச் சிவன் என்றும் கந்தகத்தைச் சக்தி என்றும் சித்தர்கள் சொன்னார்கள். உங்கள் கட்டத்தில் ரசமும் கந்தகமும் ஒரே ம்-மில் சந்திக்கின்றன. ரசம் என்றால் பாதரசம் என்று எடுத்தது சரிதான் என்பதற்கு லிங்கம் சாட்சி.

"வட ஆர்க்காட்டு நாவலாசிரியர் எழுத எடுத்த கரி கொஞ்சம் (6)" என்ற குறிப்புக்குக் கரித்துண்டு. மு.வ.வின் நாவல். இதில் கரி இருப்பதால் கார்பனையும் சேர்க்க வேண்டுமோ என்று தோன்றலாம், கார்பனின் அணு எண்ணும் ஆறு, விடையின் எழுத்தும் ஆறு. வேண்டாம். முழு விடையும் தனிமத்தின் பெயராக நிற்பவை நான்கே, நால்வர் என்று அடிவரி கட்டியும் சொல்லிவிட்டது. "பால் அரை டஜன், ஓடுவது மணல் (3)" என்ற பாலாறும் ஆறைச் சொல்கிறது, அதற்கும் கணக்கில் இடம் இல்லை. ஆனால் அந்தக் குறிப்பு அவ்வளவு அழகு, இரண்டு முறை படித்தேன்.

கட்டத்துக்குள் செய்தி ஒளிப்பதை ஆங்கிலப் புதிர்க்காரர்கள் நைனா என்பார்கள். ஆல் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற ஓவியர் தன் மகள் நைனாவின் பெயரைத் தன் படங்களின் கோடுகளுக்குள் ஒளித்து வைத்ததால் அந்தப் பெயர் வந்தது. நம்மிடம் இது ரொம்பப் பழைய பழக்கம். தண்டியலங்காரம் சித்திரகவிகளைச் சொல்லும் இடத்தில் கரந்துறைச் செய்யுள் என்று ஒன்று வருகிறது, ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு மறைந்திருக்கும். கூடசதுக்கம் என்று இன்னொன்று, நாலாவது அடியின் எழுத்தெல்லாம் முதல் மூன்று அடிக்குள்ளேயே ஒளிந்திருக்கும். பாம்பு உருவத்தின் கட்டங்களில் எழுத்தை அடைக்கும் நாகபந்தம் ஏறக்குறைய ஒரு குறுக்கெழுத்தேதான். பாம்பு பின்னிக்கொள்ளும் இடங்களில் ஒரே எழுத்து இரண்டு பக்கத்துக்கும் வேலை செய்யும். இவை இலக்கணப் பாடத்தில் பெயர்ப் பட்டியலாக மட்டும் போய்விடுகின்றன என்பது என் நீண்ட நாள் வருத்தம். தமிழாசிரியை இதை வகுப்பில் எடுத்தால் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

குறுந்தொகை முதன்முதலில் அச்சில் வந்தது 1915-ல். உ.வே.சா.வின் பதிப்பு வருவதற்கு 22 வருடம் முன்பு. ஓலையிலிருந்து எடுத்து உரையும் எழுதியவர் சௌரிப்பெருமாள் அரங்கன், வாணியம்பாடியில் தமிழாசிரியராக இருந்தவர். அச்சிட்ட ஊர் வேலூர். தோல் ஊரில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒருவர் கையிலிருந்துதான் "பொன்நேர் ஆவிரை" நமக்கு முதலில் அச்சில் கிடைத்தது. இது இந்தப் புதிர் போட்டவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்று அவர்களிடமே கேளுங்கள். திருத்திய விடையைக் கொடுக்கும்போது ஆவிரை என்ற சொல்லோடு 80, 47, 30, 16 என்ற கணக்கையும் பாட்டின் முதல் அடியையும் உங்கள் மகள் தன் கையாலேயே எழுதட்டும்.